பிஜிக்களுக்கு வீடியோ கொடுத்துவிட்டால் வகுப்பு எதற்கு?

14.09.2025, கேள்வி

ஜெனரல் மெடிசின் ஃபர்ஸ்ட் இயர் பிஜி (முதுநிலை மருத்துவ மாணவர்) நான். இந்த மாதத்திலிருந்து தியரி வகுப்பு கிடையாது, வாரம் மூன்று வீடியோ அனுப்புவோம், பார்த்துவிட்டு வந்து விவாதியுங்கள் என்று டிபார்ட்மென்ட்டில் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடுகிறது. ட்யூட்டி முடித்து அறைக்குப் போனால் சாப்பிடவே தெம்பு இருப்பதில்லை. இதற்கு ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் என்று பெயர் சொல்கிறார்கள். பாடம் எடுக்கச் சோம்பல்பட்டு வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

14.09.2025, இரவு 10.40

நான் செய்து பார்த்தவள். ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஜெனரல் மெடிசின் எடுக்கிறேன். மூன்று வருடமாக வாரம் ஒரு வகுப்பை இப்படி நடத்துகிறேன்.

சோம்பல் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மணி நேர லெக்சர் எனக்கு மனப்பாடம். 12 நிமிட வீடியோ ஒன்றும் அதற்குப் பொருத்தமான மூன்று கேஸும் தயார் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். ஆனால் உங்கள் தலையில் விழுந்திருப்பது வாரம் மூன்று மணி நேர வீடியோ. அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது.

நான் இதற்கு வந்த காரணம் எங்கள் புதன்கிழமை மதிய செமினார். செகண்ட் இயர் பிஜி ஒருவர் நாற்பது ஸ்லைடு போடுவார், அதில் இருப்பதை அப்படியே வாசிப்பார். முந்தின நாள் அட்மிஷன் டே (புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) பார்த்தவர்கள் மூன்றாவது வரிசையில் கன்னத்தில் கை வைத்தபடி தூங்குவார்கள். அவர்களை எழுப்ப எனக்கு மனசு வந்ததில்லை. கடைசியில் யூனிட் தலைவரான சீஃப் இரண்டு கேள்வி கேட்பார், தேர்ட் இயர் பதில் சொல்வார், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவோம். ஒரு நாள் கணக்குப் போட்டேன். அந்த அறையில் பதினைந்து டாக்டர்கள், ஒரு மணி நேரம். பேசியவர்கள் மூன்று பேர்.

இந்த முறை நமக்காகப் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் வுட்லேண்ட் பார்க் என்ற ஊரில் பெர்க்மன், சாம்ஸ் என்று இரண்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்கள். 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். வீட்டில் பாடத்தைக் கேட்டுவிட்டு, வீட்டுப்பாடத்தை வகுப்பில் செய்வது என்று அது மாறியது. 2012ல் ஸ்டான்ஃபோர்டின் ப்ரோபரும் ஹீத்தும் மருத்துவக் கல்லூரிகளிலும் லெக்சர் ஹாலில் லெக்சர் தேவையில்லை என்று நியூ இங்கிலாண்ட் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். நான் படித்து உற்சாகமானது அந்தக் கட்டுரையை.

12 நிமிடம்தானே, ட்யூட்டி முடிந்த அன்று சாயங்காலம் பார்த்துவிடலாம். உங்கள் மேடமிடமோ சாரிடமோ வீடியோவைச் சுருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

15.09.2025, காலை 6.15

முதல் முயற்சி எப்படிப் படுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டிபார்ட்மென்ட் இப்போது நிற்கும் இடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆசிட் பேஸ், அதாவது ரத்தத்தின் அமில-காரச் சமநிலை பற்றி 50 நிமிடம் பேசிப் பதிவு செய்து குரூப்பில் போட்டேன். புதன்கிழமை வந்து, பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். இரண்டு கை. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சரி, அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது, சாக்பீஸை எடுத்து அதே பாடத்தை மறுபடி எடுத்தது. அடுத்த வாரம் ஒரு கைகூடத் தூக்கப்படவில்லை. பார்த்துவிட்டு வந்த இரண்டு பேரும், பார்க்காமல் வந்தாலும் பாடம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டார்கள். தப்பு என் பக்கம்.

பிறகு மாற்றிக்கொண்டது ஒன்றுதான். யாரும் பார்க்காமல் வந்தாலும் நேராகக் கேஸுக்குப் போய்விடுவேன். வாசலில் ஒரு துண்டுத்தாள், மூன்று கேள்வி, பெயர் எழுத வேண்டாம். அதைப் பார்த்தாலே எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். முதல் பத்து நிமிடம் அந்த இடத்துக்கு மட்டும்.

15.09.2025, மதியம்

12 நிமிடத்தில் என்ன சொல்ல முடியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். ஏபிஜி என்ற தமனி ரத்த வாயுப் பரிசோதனை முழுசையும் சொல்ல முடியாது. ரத்த உப்புகளின் கணக்கான ஆனயன் கேப் எப்படிப் போடுவது, ரத்தத்தில் ஆல்புமின் புரதம் குறைந்திருந்தால் அதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதைச் சொல்லலாம். வெள்ளைத்தாள், பேனா, புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்த போன். என் முகம் வீடியோவில் வருவதே இல்லை, கை மட்டும்தான்.

16.09.2025, இரவு 11.20

பாம்புக்கடி வகுப்பைப் பற்றி எழுதினால் இந்த முறையில் எனக்கு ஏன் பிடிப்பு வந்தது என்று புரியும்.

வீடியோவில் இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனையைக் காட்டியிருந்தேன். 2 மில்லி ரத்தம். உலர்ந்த, சுத்தமான, புது கண்ணாடிக் குழாய். இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் தண்ணீராக ஓடினால் உறையவில்லை. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்திருக்கலாம், விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி ஆரம்பிக்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தார்களா என்று கேட்டேன். எல்லாரும் பார்த்திருந்தார்கள். துண்டுத்தாளிலும் எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்கள்.

அன்று வகுப்பை காஷுவாலிட்டி பக்கத்தில் உள்ள சின்ன அறையில் வைத்தேன். தானாக முன்வந்த ஒரு சிஆர்ஆர்ஐ (பயிற்சி மருத்துவர்) கையிலிருந்து ரத்தம் எடுத்து, ஃபர்ஸ்ட் இயர் ஒருவரைச் சோதனை செய்யச் சொன்னேன். முதலில் கையில் எடுத்தது பிளாஸ்டிக் குழாய், ட்ரேயில் அதுதான் முன்னால் இருந்தது. பிளாஸ்டிக்கில் ரத்தம் உறைவதை நம்ப முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை. செகண்ட் இயர் ஒருவர் சொன்ன பிறகு கண்ணாடிக் குழாய் தேடினார்கள். கிடைத்தது லேபில் சோப்புப்பவுடர் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. அதுவும் ஆகாது, சோப்பின் மிச்சம் உறைவதைத் தடுத்துவிடும். நல்ல ரத்தமும் உறையாத ரத்தம் மாதிரி நிற்கும், கடியே இல்லாதவருக்கு பத்து வயல் (குப்பி) ஏஎஸ்வி ஏறிவிடும். கடைசியில் ஸ்டோரிலிருந்து புதுக் குழாய் வந்தது. ரத்தம் விட்டு ஸ்டாண்டில் வைத்தார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்தார். எட்டாவது நிமிடத்தில் இன்னொரு தடவை. கேட்டபோது, "உறைஞ்சிடுச்சான்னு பார்த்தேன் மேடம்" என்றார்.

இருபது நிமிடம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தாளில் எழுதியிருந்தார். கை அதைக் கேட்கவில்லை. எத்தனை லெக்சர் எடுத்தாலும் இது என் கண்ணில் பட்டிருக்காது. வீடியோ மட்டும் அனுப்பியிருந்தாலும் பட்டிருக்காது. வீடியோ பார்த்துவிட்டு வந்ததால்தான் அந்த ஒரு மணி நேரத்தையும் குழாய்க்குக் கொடுக்க முடிந்தது.

குழாய் காத்திருந்த நேரத்தில் பேச்சு வேறு பக்கம் போனது. ஏஎஸ்வி ஒரு வயல், 10 மில்லி, கண்ணாடி விரியன் விஷத்தில் 6 மில்லிகிராமை முறிக்கும். கட்டு விரியன் விஷத்தில் 4.5 மில்லிகிராம். அந்த மருந்து செய்வதற்கு விஷம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சங்கத்துக்காரர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மகாபலிபுரம் போகிற வழியில் எத்தனையோ தடவை அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறோம் மேடம் என்றார்கள். பாடத்தில் இல்லாத இந்தப் பேச்சுக்கும் அன்று நேரம் இருந்தது.

17.09.2025

முதல் குறிப்பில் எழுதிய ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். ட்யூட்டி முடிந்த சாயங்காலம் பார்க்கலாம் என்று எழுதினேன். கீழே ஒருவர் அன்றைய நாளை எழுதிக் காட்டியிருக்கிறார்: காலை 8க்கு ஆரம்பித்த ட்யூட்டி, மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து மதியம் 2 மணிக்கு வெளியே வந்தாராம். அப்படி வந்தவரிடம் இன்னும் 12 நிமிடம் கேட்பது அவருடைய தூக்கத்திலிருந்து எடுப்பது. எழுதும்போது எனக்கு இது உறைக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

1992ல் மத்திய அரசு கொண்டுவந்த ரெசிடென்சி திட்டத்திலேயே தொடர்ச்சியான வேலை பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024ல் வாரத்துக்கு 74 மணி நேரம் போதும், ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2003லிருந்து 80 மணி நேர உச்சவரம்பு இருக்கிறது. பெர்க்மன், சாம்ஸின் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. வகுப்பைத் தலைகீழாக்க அந்தச் சாயங்காலம் அவசியம். நம் பிஜிக்களுக்கு அது கிடையாது.

அதனால் எங்கள் யூனிட்டில் இரண்டாவது வருடம் ஒன்று செய்தோம், முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் 2 முதல் 2.30 வரை பிஜிக்களின் போன்களை இரண்டு அசிஸ்டென்ட் பேராசிரியர்கள் வாங்கிக்கொள்வார்கள். வார்டு அழைப்பு அவர்களுக்குப் போகும். பிஜிக்கள் செமினார் ஹாலில் ஒரே திரையில் வீடியோ பார்ப்பார்கள், நிறுத்தி நிறுத்திச் சண்டை போடுவார்கள். சீஃபிடம் இந்த அரை மணி நேரத்தை வாங்க எனக்கு நாலு மாதம் ஆனது. ஒரு வாரம் நானே வார்டில் நின்று காட்டிய பிறகுதான் சம்மதித்தார். அன்றிலிருந்து பார்க்காமல் வந்தவர் என்று ஒருவரும் இல்லை.

அரை மணி நேரம் ட்யூட்டி சார்ட்டில் இருந்து வர வேண்டும். அது வராத இடத்தில் பழைய லெக்சரே மேல் என்பது இப்போது என் கருத்து. மூன்று வருடத்துக்கு முன் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

19.09.2025, இரவு

ஆன்லைன் கோர்ஸ் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஃபர்ஸ்ட் இயர் பிஜி எல்லாரும் ஆராய்ச்சி முறை கோர்ஸ் முடிக்க வேண்டும் அல்லவா, நம் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துவதைத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகள் அதை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டு, இன்னொரு டேபில் கேஸ் ஷீட் எழுதுகிறார்கள். அசைன்மென்ட் விடைகள் குரூப்பில் சுற்றுகின்றன. சான்றிதழ் வந்துவிடும். ஆறு மாதம் கழித்து தீசிஸ் ப்ரோட்டோகாலோடு என்னிடம் வருவார்கள், சாம்பிள் சைஸ் (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற எண்) எங்கிருந்து வந்தது என்றால் சீனியர் தீசிஸிலிருந்து என்பார்கள்.

போன வருடம் ஒரு மாற்றம் செய்தேன். கோர்ஸில் சாம்பிள் சைஸ் பாடம் வரும் அதே வாரத்தில், அவரவர் தீசிஸ் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ஒருவர் "சர்க்கரை நோயாளிகளில் தைராய்டு பற்றிய ஆய்வு" என்று எழுதியிருந்தார். இதில் எதை எண்ணப் போகிறாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எந்த வயது, எந்த ஓபி, டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எவ்வளவு இருந்தால் குறைபாடு என்று வைப்பாய், நூறு பேரில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கிறாய்? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் சூத்திரத்தில் போட்டார், எண் வந்துவிட்டது. அன்றிரவு அந்த வீடியோவை முதலிலிருந்து சாதாரண வேகத்தில் பார்த்தேன் மேடம் என்று மெசேஜ் அனுப்பினார். தன் கேள்வி ஒன்று கையில் இருந்தால் வீடியோ வேறு மாதிரி கேட்கும் போலிருக்கிறது.

2020ல் எல்லாரும் ஜூமுக்குப் போனோமே, அதையும் இதையும் ஒன்று என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது லெக்சரைத் திரைக்கு மாற்றியது, அவ்வளவுதான்.

22.09.2025

"வகுப்பில் தேர்ட் இயர்கள் மட்டும் பேசுவார்கள், நாங்கள் வாயைத் திறந்தால் அப்புறம் வார்டில் திட்டு விழும்." இது உண்மை. எங்களிடமும் முதல் ஆறு மாதம் இப்படித்தான்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களில் செய்ததை எடுத்துக்கொண்டேன். கேள்வி போடுவது, ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடைக்கு வாக்களிப்பது, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, மறுபடி வாக்களிப்பது. எங்களிடம் கருவி எதுவும் இல்லை. நெஞ்சோடு கையை வைத்து விரல் காட்டுவார்கள், நான் மட்டும் பார்ப்பேன். பக்கத்து ஆளை நான் சேர்த்துவிடுவேன், ஒரு ஃபர்ஸ்ட் இயரும் ஒரு தேர்ட் இயரும். முதலில் பேச வேண்டியது ஜூனியர். ஒரு தடவை ஹைப்போநட்ரீமியா (ரத்தத்தில் சோடியம் குறைவது) கேஸில் தேர்ட் இயர்கள் நாலு பேரும் ஒரே தப்பான விடைக்கு விரல் காட்டினார்கள், ஒரு ஃபர்ஸ்ட் இயர் பெண் மட்டும் சரி. இரண்டாவது வாக்கில் அவளுடைய ஜோடி விடையை மாற்றினார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

25.09.2025, அதிகாலை

நைட் ட்யூட்டி. ஒரு சந்தோஷமான விஷயம் எழுதத் தோன்றுகிறது.

டிஆர்பி என்ற மாவட்டப் பயிற்சிக்காக மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் பிஜிக்கள் வகுப்பில் இருந்து அறுந்துவிடுவார்கள். அவர்களை புதன்கிழமை வீடியோ காலில் சேர்த்துக்கொள்கிறோம். முதலில் அவர்களும் கேட்கட்டும் என்றுதான் சேர்த்தேன். இப்போது கேஸ் கொண்டுவருவதே அவர்கள்தான். நோயாளியின் முகமும் பெயரும் வரக் கூடாது என்பது மட்டும் விதி.

போன மழைக்காலத்தில் ஒரு செகண்ட் இயர் சொன்ன கேஸ். தரையில் பாய் போட்டுப் படுத்த நாற்பது வயதுக்காரர், விடியற்காலை 4 மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். கடித்த தடம் எதுவும் இல்லை. வாயு என்று ஊசி போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் மனைவி, "கண்ணைத் திறக்கவே மாட்டேங்கிறாருங்கம்மா, தூக்கம் வருதுங்கிறாரு" என்றாராம். நம் ஆள் அவரை மேலே பார்க்கச் சொல்லியிருக்கிறார், இமை ஏறவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லியிருக்கிறார். பதினாறு வரை வந்தது. கால் மணி நேரம் கழித்து பதினொன்று. அப்புறம் ஏழு. கட்டு விரியன் என்று முடிவு செய்து, ஏஎஸ்வி ஆரம்பித்து, மூச்சு நிற்கும் முன்னே மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே எங்களிடம் கொண்டுவந்தார். கட்டு விரியன் விஷம் நரம்பு முனையில் ஒட்டிக்கொண்ட பிறகு ஏஎஸ்வி அதைப் பிரித்தெடுக்காது, மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் ட்யூப் எடுத்தோம்.

எண்ணச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வகுப்பில் எங்களை ஒருத்தருக்கொருத்தர் எண்ணவச்சீங்களே மேடம், நான் முப்பத்தெட்டு, ஞாபகம் இருக்கு" என்றார். வீடியோவிலும் அது இருந்தது. அவருக்கு நினைவில் நின்றது தன்னுடைய முப்பத்தெட்டு.

28.09.2025

எதிர்க்கருத்து ஒன்று வந்திருக்கிறது: எங்கள் பிஜிக்களிடம் கருத்துக் கேட்டதில் பாதிப் பேர் லெக்சர்தான் நன்றாகப் புரிகிறது என்றார்கள், அப்புறம் எதற்கு இது? என் வகுப்பிலும் அப்படித்தான் எழுதினார்கள். முதல் வருடம் அது என்னை ரொம்பப் பாதித்தது. "மேடம் எடுத்தா கோர்வையா இருக்கும், இப்ப குழப்பமா இருக்கு."

2019ல் ஹார்வர்டில் டெலோரியே குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மெருகான லெக்சர் கேட்டவர்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். திணறித் திணறிக் கணக்குப் போட்டவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் மதிப்பெண் அதற்கு நேர்மாறாக வந்தது. 2006ல் ரோடிகர், கார்ப்பிக்கே செய்த சோதனையும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். இதை இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். குழப்பமாக இருக்கும், பயப்படாதீர்கள் என்று.

ஆனாலும் அந்தப் புகாரை முழுசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. நான் பிஜியாக இருந்தபோது எங்கள் சீஃப் ஒருவர் கையில் ஒரு குறிப்பும் இல்லாமல் இதய வால்வு சுருங்கும் நோயான மைட்ரல் ஸ்டினோசிஸ் எடுப்பார். ஸ்டெத் வைத்தால் என்ன கேட்கும் என்பதை மேஜையில் விரலால் தட்டிக் காட்டுவார். வால்வு திறக்கும் சத்தமான ஓப்பனிங் ஸ்னாப் இதயத்தின் இரண்டாம் சத்தத்துக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு சுருங்கிய வால்வு என்பதை அந்தத் தட்டலில்தான் கற்றேன். ஒரு பெரிய மருத்துவர் நம் எதிரில் நின்று யோசிப்பதைக் கேட்பது ஒரு பாக்கியம். அதனால் மாதம் ஒரு லெக்சர் வைத்திருக்கிறேன், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் வருவார்கள். அதைப் பதிவு செய்வதில்லை.

01.10.2025

கேள்வி கேட்ட டாக்டருக்கு. உங்கள் தனி மெசேஜ் பார்த்தேன். துறைத் தலைவரான ஹெச்ஓடியிடம் போய் இந்த முறை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மூன்று வீடியோவை ஒன்றாக்கி, நீளத்தைக் கால் மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். பார்க்க ட்யூட்டி நேரத்தில் அரை மணி நேரம் கேளுங்கள், அந்த நேரம் வார்டை யார் பார்ப்பார்கள் என்று பெயரோடு சார்ட் ஒன்று நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள், தேர்ட் இயர் ஒருவரை முன்னால் விட்டுப் பின்னால் நில்லுங்கள். மறுத்தால், வாரம் விட்டு வாரமாவது கேட்டுப் பாருங்கள். எங்கள் சீஃப் முதலில் கொடுத்தது அதுதான்.

09.10.2025, மதியம்

அரை மணி நேரம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். முதல் தலைப்பு பாம்புக்கடி என்று முடிவாகியிருக்கிறதே, என் வீடியோவை அனுப்புகிறேன். அதை அப்படியே போடாமல் உங்கள் காஷுவாலிட்டியில், உங்கள் ட்ரேயை வைத்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஸ்டோரில் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) போட்டால் எங்களுக்குப் பத்து நாள் ஆகிறது.